பொக்கு மல்லாட்டைக்கு எனக்குக் கழிவு, பொக்கு பாக்கெட்டுக்கு யாருக்குக் கழிவு?

மல்லாட்டை வித்தவங்களுக்குத் தெரியும். மூட்டையை இறக்கி அடுக்கினதும் வியாபாரி மூட்டையோட உருவத்தைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். சாக்கு வாயைப் பிரிச்சு, கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு கை அள்ளுவார். அதை உடைச்சுப் பருப்பு வேற, தோல் வேற பிரிப்பார். பருப்பு எவ்வளவு தேறுதுன்னு பார்த்துதான் விலை. அதுல நாலு பொக்கு இருந்தா, அதாவது வெளியே தோல் நல்லா இருந்து உள்ளே பருப்பு இல்லாத காய் இருந்தா, அதைத் தனியா எடுத்து என் கண்ணு முன்னாடி வைப்பார். "என்னாப்பா, இவ்ளோ பொக்கு?" அப்படின்னு ஒரு கேள்வி. அதோட மூட்டைக்கு இருநூறு, முந்நூறு இறங்கிடும்.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. நீங்க வேர்க்கடலைன்னு சொல்றதைத்தான் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நாங்க மல்லாட்டைன்னு சொல்றோம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு எங்க வாயில கமிட்டின்னு பேர்.

பொக்குக்குக் கழிக்கிறதை நான் தப்புன்னு சொல்லல. நியாயம்தான். உள்ளே இல்லாத பருப்புக்கு ஒருத்தன் எதுக்குக் காசு கொடுக்கணும்? சாக்கோட எடையையும் கழிச்சுட்டுத்தான் கணக்குப் போடுவாங்க. அதுவும் நியாயம். முப்பது வருஷமா இந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் வித்துக்கிட்டு இருக்கேன். என் கேள்வி வேற. இதே மல்லாட்டை வறுபட்டு, மசாலா பூசி, பளபளன்னு பாக்கெட்டுல அடைபட்டு என் ஊருக்கே திரும்பி வருதே, அப்போ இந்த நியாயம் எங்கே போகுது?

பொங்கலுக்கு மகள் வீட்டிலிருந்து பேத்தி வந்திருந்தா. ஆறு வயசு. தெருமுனைக் கடையில சரம் சரமாத் தொங்குதே, அதுல ஒரு பாக்கெட் மசாலா மல்லாட்டை கேட்டா. பத்து ரூபாய். தலையணை மாதிரி உப்பி இருந்துச்சு. அவ ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தா. திண்ணையில உட்கார்ந்து பிரிச்சா. புஸ்ஸுன்னு காத்து போச்சு. உள்ளே எட்டிப் பார்த்துட்டு என்னைக் கேட்டா: "தாத்தா, இதுல பாதிய யாரு துன்னது?"

நான் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். நிகர எடை 32 கிராம்னு பின்பக்கம் ஒரு மூலையில, மடிப்புக்கிட்ட போட்டிருந்தது. எனக்குக் கண்ணாடி போட்டும் ரெண்டு தடவை பார்க்க வேண்டி இருந்தது. பேத்தி தின்னு முடிச்சதும் அந்த வெறும் பாக்கெட்டை எடுத்து, வீட்டுல வறுத்து வச்சிருந்த பருப்பை வாய் வரைக்கும் நிரப்பி, எங்க வீட்டுச் சின்னத் தராசுல வச்சேன். 90 கிராம் பிடிச்சுது. ஆக மூணு பங்கு பாக்கெட்டுல ஒரு பங்குதான் சரக்கு. மீதி ரெண்டு பங்கு பொக்கு.

விலைக் கணக்கையும் சொல்லிடறேன். 32 கிராம் பத்து ரூபாய்னா கிலோ 312 ரூபாய் ஆகுது. போன தடவை நான் போட்டது 80 கிலோ மூட்டை 6,400 ரூபாய்க்கு. தோலோட கிலோ எண்பது. பருப்புக் கணக்குல பார்த்தா சுமார் 115 ரூபாய். வறுக்கணும், எண்ணெய், மசாலா, கவர், வண்டி வாடகை, கடைக்காரர் கமிஷன் எல்லாம் இருக்கு. அதனால 312 அநியாயம்னு நான் சண்டைக்கு வரல. விலையை அவன் முகத்துக்கு நேரா சொல்றான், பிடிச்சா வாங்கு, பிடிக்கலன்னா விடு. என் சண்டை அந்தப் பாக்கெட்டோட உருவத்தோட. விலையை வாயால சொல்லிட்டு, அளவைக் கண்ணுக்குப் பொய்யாக் காட்டறானே, அதோட.

இப்படிச் சொன்னா உடனே ஒரு பதில் வரும். "எடைதான் அச்சடிச்சிருக்கே, படிச்சுப் பார்த்து வாங்க வேண்டியதுதானே?" படிச்சவங்க சொல்ற பதில் இது. நான் திருப்பிக் கேட்கறேன். நீங்க கடைசியா பிஸ்கட் பாக்கெட் வாங்கினப்போ எத்தனை கிராம்னு பார்த்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க. கையில எடுத்தோம், பெருசா இருந்துச்சு, கூடையில போட்டோம். மனுஷன் பொருளைக் கண்ணாலயும் கையாலயும்தான் அளக்கிறான். ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால்னு நம்ம பெரியவங்க அளந்ததெல்லாம் கொள்ளளவுதானே? எவ்வளவு இடத்தை அடைக்குதோ அவ்வளவு இருக்குன்னு நம்பறது நம்ம ரத்தத்துல இருக்கு. தலை தட்டின படியா, குவிச்ச படியான்னு அப்போ பேரம் நடக்கும். படிக்குள்ள அடியில கட்டை வச்சு அளந்தவனை ஊர் மறக்காது, அவன் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டும். இன்னைக்கு அதே வேலையை மெஷின் பண்ணுது, நாம அதை "பேக்கிங்"னு மரியாதையாக் கூப்பிடறோம்.

இன்னொண்ணு. படிச்சுப் பார்த்து வாங்கச் சொல்றீங்களே, யார் வாங்கறாங்கன்னு பாருங்க. களை எடுத்துட்டு சாயங்காலம் திரும்பற பொம்பளை, வீட்டுல காத்திருக்கிற புள்ளைக்காக அஞ்சு ரூபா, பத்து ரூபா பாக்கெட் வாங்குது. பள்ளிக்கூடம் விட்டு வர்ற பசங்க வாங்கறாங்க. வெள்ளெழுத்து விழுந்த கிழவி பேரனுக்கு வாங்குது. உப்பின பாக்கெட் இவங்களுக்காகத்தான். கணக்குப் போட நேரம் இருக்கிறவன் கிலோக் கணக்குல வாங்கிக்கிட்டுப் போயிடறான்.

அடுத்த பதில், காத்து அடைச்சாத்தான் பொருள் கெடாதுங்கிறது. இதுல உண்மை இருக்கு, மறுக்கல. அது சாதாரணக் காத்து இல்ல, நைட்ரஜன். எண்ணெய்ப் பண்டம் சிக்கு வாடை அடிக்கிறது ஆக்சிஜன் படறதாலதான். நைட்ரஜன் அடைச்சா அது தள்ளிப் போகும். சிப்ஸ் மாதிரி நொறுங்கற பண்டத்துக்கு அது மெத்தை மாதிரியும் இருக்கும். சரி, சிப்ஸுக்கு ஒத்துக்கறேன். வறுத்த மல்லாட்டை நொறுங்குமா? அதை லாரி சக்கரத்துல வச்சு நசுக்கினாத்தான் நொறுங்கும். கெடாம இருக்க நைட்ரஜன் வேணும்னா, பருப்பைச் சுத்தி இருக்கிற இடத்துல இருந்தாப் போதாதா? எதுக்கு ரெண்டு பங்கு? டீத்தூள் அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு கவர், கவருக்கும் பெட்டிக்கும் நடுவுல நாலு விரல் இடம். அதுல என்ன நொறுங்குது? பேரீச்சம்பழ டப்பாவுல அடித்தட்டு உயரமா இருக்கே, பழம் கீழே விழுந்துடுமா? சத்துமாவு பாட்டிலைக் கவுத்துப் பாருங்க, அடிப்பாகம் கிண்ணம் மாதிரி உள்வாங்கி இருக்கும்.

மாவு, தூள் எல்லாம் வண்டியில குலுங்கி இறங்கும்னும் சொல்வாங்க. அதுவும் உண்மை. நெல்லு மூட்டையைத் தட்டித் தட்டி இறக்கித்தான் நாங்களும் வாய் தைக்கிறோம். அதனாலதான் எனக்குத் தெரியும், குலுங்கினா எவ்வளவு இறங்கும்னு. பாதி மூட்டை காணாமப் போகாது.

நம்ம சட்டத்துக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நினைக்காதீங்க. 2009-ல வந்த எடையளவுச் சட்டத்துக்குக் கீழ, 2011-ல பாக்கெட் பொருட்களுக்குன்னே தனி விதிகள் போட்டாங்க. யார் தயாரிச்சது, நிகர எடை எவ்வளவு, அதிகபட்ச விலை என்ன, எந்த மாசம், புகார் யாருக்கு எல்லாம் அச்சடிக்கணும். எண் எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு கூட மில்லிமீட்டர் கணக்கு இருக்கு. அதே விதிகள்லயே ஏமாத்துற பாக்கெட் எதுன்னும் எழுதி வச்சிருக்காங்க. உள்ளே இருக்கிறதை விட அதிகமா இருக்கிற மாதிரி வாங்கறவனுக்குத் தோணணும்னே வேணும்னு செஞ்ச பாக்கெட் அது. அப்படி இருந்தா மாத்தி அடைக்கச் சொல்லலாம், இல்லன்னா பறிமுதல் பண்ணலாம்.

படிச்சப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த வரிக்கு வந்ததும் போயிடுச்சு. பொருளைப் பாதுகாக்கத் தேவைன்னோ, நிரப்புற மெஷினுக்குத் தேவைன்னோ தயாரிப்பாளர் காரணம் காட்டினா அதுக்கு விலக்கு. எத்தனை பங்கு காலி இருக்கலாம்னு ஒரு எண்ணும் அந்த இடத்துல இல்ல. வேலி போட்டு, நடுவுல வண்டி போற அளவுக்கு வழியும் விட்டாச்சு. என் மூட்டையில பொக்கு இருந்தா "மானம் ஏமாத்திடுச்சு, அதான்"னு காரணம் சொல்லலாமா? சொன்னா வியாபாரி விடுவாரா?

முன்னாடி டீத்தூள், பிஸ்கட், எண்ணெய் மாதிரி பண்டங்களுக்கு இத்தனை இத்தனை கிராம்லதான் அடைக்கணும்னு ஒரு அட்டவணை இருந்துச்சு. 2021-ல திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா ஒரு கிராமுக்கு, இல்ல ஒரு கிலோவுக்கு என்ன விலைன்னு பாக்கெட்டுல போடணும்னாங்க. யோசனை நல்ல யோசனைதான். ஆனா ஒரு கிலோவுக்குக் கம்மியான பாக்கெட்டுல கிராம் கணக்குல போட்டாப் போதும். பேத்தி வாங்கினதுல "ஒரு கிராம் 0.31 ரூபாய்"னு இருந்துச்சு. எங்க ஊர்ல எந்தப் பொம்பளையாவது மல்லாட்டையை கிராம் முப்பத்தோரு பைசான்னு யோசிச்சிருக்கா? எல்லாருக்கும் கிலோ கணக்குத்தான் மனசுல நிக்கும். "கிலோ 312 ரூபாய்"னு பெரிய எழுத்துல போட்டிருந்தா அந்தப் பாக்கெட்டைக் கையில எடுத்தவங்க ஒரு நிமிஷம் நிப்பாங்க. நிக்கக் கூடாதுன்னுதான் புள்ளி வச்சுப் போடறது.

மத்த ஊர்ல என்ன பண்றாங்கன்னு பையன் போன்ல தேடிக் காட்டினான். தென்கொரியாவுல 2014-ல காலேஜ் பசங்க சிலர் நூத்தி அறுபது தின்பண்டப் பாக்கெட்டுங்களை ஒண்ணா ஒட்டித் தெப்பம் கட்டி, சியோல்ல ஹான் ஆத்தையே கடந்து காட்டினாங்களாம். எவ்வளவு காத்து இருந்தா ஆளைச் சுமக்கும்! "நைட்ரஜன் வாங்கினா தின்பண்டம் இலவசம்"னு அங்க கேலி பண்ணுவாங்களாம். பிரான்ஸ்ல 2024 ஜூலையிலிருந்து ஒரு விதி. எடையைக் குறைச்சு, விலையைக் குறைக்காம விட்டா, பெரிய கடைக்காரங்க அந்தப் பண்டத்துக்குப் பக்கத்துலயே ரெண்டு மாசம் அறிவிப்பு வைக்கணும். நம்ம ஊர்ல அஞ்சு ரூபா பிஸ்கட் வருஷா வருஷம் இளைச்சுக்கிட்டே வருது, எந்தப் பலகையும் இல்ல.

இவ்வளவு பேசறவன் யோக்கியனான்னு நீங்க கேட்கலாம். கேட்கணும். மூட்டை வாயில நல்ல காயா வச்சு அடியில சொத்தையைப் போடறது, கீரைக்கட்டைத் தண்ணியில முக்கி எடுக்கிறது, தக்காளிப் பெட்டியில மேல் வரிசையை மட்டும் அழகா அடுக்கிறது, எல்லாம் எங்க சனமும் பண்ணதுதான். சின்ன வயசுல நானும் மேல் வரிசை அடுக்கினவன்தான். எங்க அப்பா அதைப் பார்த்துட்டு மொத்த மூட்டையையும் களத்துல கொட்டிட்டு, "திரும்ப அள்ளு"ன்னுட்டுப் போயிட்டார். ஒரு வார்த்தை திட்டல.

அதைவிடக் கிட்டத்துல ஒண்ணு நடந்துச்சு. சொல்லாம விட்டா இந்தக் கட்டுரையே பொக்காயிடும்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வூட்டுக்காரம்மாவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து மல்லாட்டை உருண்டை போட ஆரம்பிச்சாங்க. எங்க நிலத்துப் பருப்பு, மண்டை வெல்லம், வேற ஒண்ணும் இல்ல. 200 கிராம் கவர். உருண்டைக்குத் தக்கபடி கச்சிதமான கவர், உள்ளே இருக்கிறது வெளியே தெரியும். பக்கத்து டவுன்ல மூணு கடையில வச்சோம். ஒரு மாசம் கழிச்சுப் போனா பாதிக்கு மேல அப்படியே இருக்கு. கடைக்காரர் நல்ல மனுஷன், ஒளிக்காம சொன்னார்: "சரக்கு நல்லா இருக்குங்கண்ணா. ஆனா கவர் சின்னதா இருக்கு. பக்கத்துல இருக்கிறது 150 கிராம்தான், ஆனா பாருங்க எப்படி எடுப்பா நிக்குது. ஜனங்க அதைத்தான் எடுக்கிறாங்க. கவரை மாத்துங்க, போதும்."

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பேச்சு. "ஏங்க, எடையைக் குறைக்கலியே, அதே 200 கிராம்தானே, கவர்தானே பெருசு, இதுல என்ன பொய்?" அப்படின்னா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நாலு வீட்டுப் பொம்பளைங்க போட்ட காசு அதுல இருக்கு. கடைசியில நானே போய் பெரிய கவர் ஐந்நூறு வாங்கிட்டு வந்தேன். வித்துச்சு. முன்னை விட வேகமா வித்துச்சு.

ஒரு நாள் வழக்கமா வாங்கற ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா வீட்டுக்கே வந்தாங்க. கவரைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, முகமெல்லாம் மலர்ந்து, "பரவாயில்லையே, எடையை ஏத்திட்டீங்களா? அதே விலையா?"ன்னு கேட்டாங்க. எங்க வூட்டுக்காரம்மா என்னைப் பார்த்தா. நான் கூரையைப் பார்த்தேன். அவதான் சொன்னா, "இல்லீங்கம்மா, அதே எடைதான்." டீச்சரம்மா ஒண்ணும் சொல்லல, காசைக் கொடுத்துட்டு வாங்கிக்கிட்டுப் போனாங்க. ஆனா அந்த மலர்ச்சி அவங்க முகத்துல இல்ல. "இதுல என்ன பொய்"னு ரெண்டு நாளா கேட்ட கேள்விக்கு அப்பதான் ரெண்டு பேருக்கும் பதில் கிடைச்சுது.

மிச்சக் கவரைப் பரண்ல போட்டோம். விதை போட்டு வைக்க ஆகுது. பழைய கவருக்கே திரும்பினோம். மூணு கடையில இப்போ ஒரு கடைதான் எடுக்குது. இதைப் பெருமைக்குச் சொல்லல. நஷ்டம்தான். அந்த நாலு பேருல ஒருத்தர் எங்கள விட்டுப் போயிட்டாங்க, அவங்க மேல எனக்குக் கோவமும் இல்ல. பெரிய பாக்கெட் வாங்கறவனை மட்டும் ஏமாத்தல, கச்சிதமா அடைக்கிறவனைக் கடையை விட்டே துரத்துது. ஒருத்தன் உப்பினா பக்கத்துல இருக்கிறவனும் உப்பணும், இல்லன்னா சாகணும். அதனாலதான் இதை ஒவ்வொருத்தர் மனசாட்சிக்கு விட்டா ஆகாதுங்கறேன். விதி எல்லாருக்கும் ஒண்ணா இருந்தாத்தான் நல்லவன் பிழைப்பான்.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. இந்த வகைப் பண்டத்துக்கு இவ்வளவுக்கு மேல காலி கூடாதுன்னு ஒரு எண் போடுங்க. நொறுங்கறதுக்கு ஒரு அளவு, நொறுங்காததுக்கு ஒரு அளவு. எது வரைக்கும் சரக்கு இருக்குன்னு வெளியே ஒரு கோடு, இல்லன்னா உள்ளே தெரியற மாதிரி ஒரு ஜன்னல் வைங்க. கிலோ விலையை, விக்கிற விலைக்குப் பக்கத்துலயே, அதே அளவு எழுத்துல போடுங்க. எடையைக் குறைச்சா குறைச்சோம்னு முகப்புல போடுங்க.

அது வர்ற வரைக்கும் நீங்க செய்யறதும் இருக்கு. பாக்கெட்டைத் திருப்புங்க, கிராமைப் பாருங்க. ஸ்வீட் கடையில தீபாவளிக்கு அட்டைப்பெட்டியோட சேர்த்துத் தராசுல வச்சா, "பெட்டியைக் கழிச்சுப் போடுங்க"ன்னு வாய் விட்டுக் கேளுங்க. என் சாக்கைக் கழிக்கிறாங்க, அவங்க பெட்டியையும் கழிக்கட்டும். நம்ம மாநிலத்துல எடையளவைப் பார்க்கிறது தொழிலாளர் துறை, அங்க புகார் கொடுக்கலாம். 1915-ங்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசலாம். கச்சிதமா அடைச்ச ஒரு பாக்கெட் ஓரத்துல சின்னதா உட்கார்ந்திருந்தா, அதை ஒரு தடவை கையில எடுத்து எடையைப் படிங்க. அதுக்குப் பின்னாடி யாரோ ரெண்டு பேர் ரெண்டு நாள் சண்டை போட்டிருப்பாங்க.

போன வாரம் கொல்லியை உழுதப்போ கொழு முனையில ஒரு பாக்கெட் மாட்டி வந்துச்சு. எப்போ புதைஞ்சதோ தெரியல. மண்ணை உதறினா வெள்ளிக் கலர் அப்படியே மின்னுது. உள்ளே இருந்த 30, 40 கிராமை யாரோ ஒரு நிமிஷத்துல தின்னு முடிச்சிருப்பாங்க. மீதி பொக்கு மட்டும் என் நிலத்துல கிடக்கு. மல்லாட்டைப் பொக்கா இருந்தா மக்கி எருவாகி இருக்கும். இதை என்ன பண்றது?